பருப்பு யார் தட்டில்?

போன சனிக்கிழமை வெஸ்ட்கேட்டில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் 'ப்ரோட்டீன் தண்ணீர்' என்று ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். தண்ணீர்தான். அதற்குள் ப்ரோட்டீனாம்.

பக்கத்தில் ப்ரோட்டீன் ரொட்டி, ப்ரோட்டீன் சிப்ஸ், ப்ரோட்டீன் சாக்லெட்... ஒரு அலமாரி முழுக்க இதே பாட்டு. ப்ரோட்டீன் சோப்பு ஒன்றுதான் இன்னும் வரவில்லை. அதையும் யாராவது எங்காவது தயாரித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கூட வந்தவள் என் மகள் நிலா. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், வெஸ்ட்கேட்டில் பார்ட்-டைம் வேலை. போன வருடம் வீகன் ஆகிவிட்டாள். இறைச்சி, முட்டை மட்டுமில்லை — பால், தயிர், நெய் எல்லாவற்றுக்கும் தடை. வீட்டில் அவள் வாயில் அதிகம் அடிபடும் வார்த்தை 'அம்மா' இல்லை, 'ப்ரோட்டீன்'. ஒரு நாள் என் சாம்பாரைக் கரண்டியால் கலக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் நாட் ப்ரோட்டீன். திஸ் இஸ் சூப்" என்றாள். இத்தனை வருடச் சமையலுக்கு எனக்குக் கிடைத்த பட்டம் அது!

அன்றைக்கும் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். "பட்டாணிப் பவுடர்மா. யூ ஷுட் ட்ரை இட். உன் வயசுக்கு யூ நீட் மோர், நாட் லெஸ்."

வேறு நாளாக இருந்தால் கிண்டலாக ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று முடியவில்லை. "வை அதை!" என்று கத்திவிட்டேன். தள்ளுவண்டியோடு நின்றிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். நிலாவின் முகம் சுண்டிப்போயிற்று.

பாவம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. சொல்லப்போனால் அவள் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் அப்படிக் கோபம் வந்தது. சற்று முன்புதான் நான் ராணியக்காவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

ராணியக்கா யார் என்று கேட்பீர்கள். கிளென் ஈடனில் எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடு தள்ளி இருப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு இந்த வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம். கணவர் பரமண்ணா ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் பெர்த்தில் இருக்கிறான். இருவரும் பரம்பரைச் சைவம். மீன், இறைச்சி, முட்டை எதுவும் வாசல் தாண்டி உள்ளே வராது. அக்காவுக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வயிறு கடமுடா என்னும். ஆக, என் மகள் வீடியோ பார்த்து, உறுதிமொழி எடுத்து, ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டுப் போய்ச் சேர்ந்த இடத்தில் அக்கா சத்தமில்லாமல் எத்தனையோ வருடங்களாக உட்கார்ந்திருந்தார்.

அவர் கைப் பருப்புக் கறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மைசூர்ப் பருப்பை வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, கடைசியில் செத்தல் மிளகாய் என்று அவர் சொல்லும் வற்றல் மிளகாயும் வெங்காயமும் தாளித்துக் கொட்டுவார். சாம்பாரைத் தவிர வேறெதையும் மதிக்காத என் கணவரே அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஒரு கிண்ணம் நிறைய, நல்ல கட்டியாக, எங்கள் வீட்டுக்கு அனுப்புவார் அக்கா. கட்டியாக இருந்ததை நான் அப்போது கவனித்ததில்லை. எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு மழை நாள். கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடிய அக்கா, பின்பக்க மரப்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று எல்லாம் மளமளவென்று நடந்தது.

பரமண்ணாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கார் ஓட்டப் பயம். ஆகவே டிரைவர் வேலை எனக்கு. அக்காவுக்கு ஆங்கிலம் தடுமாறும், ஆகவே மொழிபெயர்ப்பு வேலையும் எனக்கே. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஆள் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். அக்காதான், "தெரியாத ஆக்களோட என்ர வருத்தத்தைக் கதைக்கிறதோ? எனக்கு ஏலாது" என்று மறுத்துவிட்டார்.

ஒரு நாள் டயட்டீஷியன் வந்தார். இளம்பெண், சிரித்த முகம். நோயாளி சைவம் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். எங்கே, இறைச்சி சாப்பிடச் சொல்லி வகுப்பெடுக்கப் போகிறாரோ என்று நான் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. சைவம் தாராளமாகப் போதும், ஆனால் எலும்பும் காயமும் தேற ப்ரோட்டீன் கூடுதலாக வேண்டும் என்றார். "வீட்டில் அதற்கு என்ன சாப்பிடுவீர்கள்?"

கேள்வி கேட்டது அக்காவைப் பார்த்து. பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"நாங்கள் ஒவ்வொரு நாளும் பருப்பு சாப்பிடுறனாங்கள்" என்றார் பரமண்ணா, நிமிர்ந்து உட்கார்ந்து. "கடலை, பயறு எல்லாம் இருக்கு. அதில ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுங்கோ தங்கச்சி."

சொன்னேன். "வெரி குட்" என்றார் அந்தப் பெண். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது — பார், எங்கள் சாப்பாட்டை! அக்கா மட்டும் மேலே கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். வலிக்கிறது போல என்று நினைத்தேன்.

அக்கா வீடு திரும்பியதும் பரமண்ணா சமையலறைக்குள் நுழைந்தார். அதற்கு முன் அந்த மனிதர் தேநீர்கூடத் தானாகப் போட்டு நான் பார்த்ததில்லை. அக்கா படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல, இவர் உள்ளே சட்டியோடு மல்லுக்கட்டுவார். குழைந்த சோறு, மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட ரசம், தேங்காய்ப்பால் விட்டுத் தண்ணீராக ஒரு சொதி, அவித்த கேரட். வேளை தவறாமல் ஊட்டாத குறையாகக் கொடுத்தார்.

பத்தியம் பார்த்தார், ஐயா. பருப்பு — வாய்வு, கூடாது. கடலை — அதுவும் வாய்வு. பயறு — குளிர்மை. சோயா — சூடு. உழுந்து — செரிக்காது. கத்தரிக்காயோ கிரந்தி, காயத்தைக் கிளறிவிடும். "காயம் ஆறுமட்டும் நான் ஒண்டும் குடுக்க மாட்டன் தங்கச்சி. வடிவாப் பாக்கிறன்" என்பார்.

நமக்கெல்லாம் தெரிந்த கதைதானே இது? உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கள் பக்கத்திலும் முதலில் ரசம் சாதம்தான், இட்லிதான், கஞ்சிதான். அசைவக்காரர் வீட்டில் பத்தியம் என்றாலும் ஒரு ஆட்டுக்கால் சூப்பாவது எட்டிப் பார்க்கும். சைவக்காரர் தட்டிலிருந்து பருப்பை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? சோறும் தண்ணீரும். அதைத்தான் அக்கா மூன்று வேளையும் சாப்பிட்டார்.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கணவரிடம், "அந்த மனுஷனைப் பாத்துக் கத்துக்கோங்க" என்றுவேறு சொன்னேன்.

காயம் ஒருவழியாக ஆறியது, பத்தியம் மட்டும் நிற்கவில்லை. ஆனால் அக்கா தேறவில்லை. ரவிக்கையின் கை தொளதொளத்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பிசியோதெரபிஸ்ட் வந்து, "கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள் பார்க்கலாம்" என்றார். எவ்வளவு சின்ன வேலை! நீங்களும் நானும் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை யோசிக்காமல் செய்வது. அக்கா முன்னால் குனிந்தார், மூச்சைப் பிடித்தார், தொடை வெடவெடவென்று நடுங்கியது. எழ முடியவில்லை. "ஏலாது பிள்ளை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

டயட்டீஷியன் மறுபடி வந்தார், இந்த முறை வீட்டுக்கே. நேராகச் சமையலறைக்குப் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்தார். சோறு, ரசம், கேரட். "தினமும் பருப்பு என்றீர்களே?" என்று கேட்டார். பரமண்ணா வாய்வு, குளிர்மை, சூடு எல்லாவற்றையும் விளக்கினார். 'கிரந்தி'யை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் விழித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. படுத்துக் கிடந்தால் தசை தானாகக் கரையும், வயதானால் வேகமாகக் கரையும், சாப்பாட்டில் ப்ரோட்டீன் இல்லாவிட்டால் இன்னும் வேகமாகக் கரையும் என்று நிதானமாகச் சொன்னார்.

பிறகுதான் அதைக் கேட்டார். "விழுவதற்கு முன்னால் எப்படிச் சாப்பிடுவீர்களோ, அப்படியே உங்கள் தட்டில் போட்டுக் காட்டுங்கள்."

பரமண்ணா தனக்கென்று கொஞ்சம் பருப்புக் கறியை ஒரு சின்னச் சட்டியில் தனியாக அலமாரிக்குள் மூடி வைத்திருந்தார். அதை மேசைக்குக் கொண்டுவந்தார். மேசை முன் உட்கார்ந்திருந்த அக்கா தன் தட்டில் சோற்றைப் போட்டார். பிறகு அகப்பையைப் பருப்புச் சட்டிக்குள் விட்டார்... விட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. மேலாகத் தொட்டு, தெளிந்து நின்ற தண்ணீரை மட்டும் அள்ளிச் சோற்றில் ஊற்றினார். அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டி வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

"இதுதானா?" என்றார் டயட்டீஷியன்.

"எனக்கு இது காணும்" என்றார் அக்கா, போதும் என்று கையைக் காட்டி.

பரமண்ணா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இஞ்சரப்பா, அடியில கட்டியா எவ்வளவு கிடக்கு! ஏன் மேலால தண்ணியை அள்ளுறீர்?"

அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அது உங்களுக்கெல்லே" என்றார்.

"எப்ப இருந்து இப்பிடி?"

"எப்ப இருந்தோ? எப்பவும் இப்பிடித்தானே. நீங்களும் மகனும் சாப்பிட்ட பிறகுதானே நான் சாப்பாட்டுக்கு இருக்கிறது. இருக்கிறதைச் சாப்பிடுவன். எனக்கென்ன குறை?"

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஒரு துளி மனத்தாங்கல்கூட இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன், டயட்டீஷியன் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தத் தட்டைப் பார்த்தே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பரமண்ணா நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்டைக்கு ஆஸ்பத்திரியில அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது என்ர சாப்பாட்டைத் தங்கச்சி" என்றார்.

டயட்டீஷியன் நியாயமாகத்தான் பேசினார். இது மட்டும் காரணம் இல்லை. வயசு இருக்கிறது, எலும்பு பலவீனம் இருக்கிறது, படுக்கை இருக்கிறது, நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றார். நான் வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

இறைச்சி இல்லாமல் ப்ரோட்டீன் கிடைக்குமா, கிடைக்காதா? இதை வைத்து எவ்வளவு சண்டை! என் வீட்டிலேயே சாப்பாட்டு மேசையில் அடிதடி நடக்காத குறை. கிடைக்கும், தாராளமாகக் கிடைக்கும். பருப்பு, கடலை, சோயா, டோஃபு, வேர்க்கடலை... சோறும் பருப்பும் சேர்ந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட்டால் போதும் என்கிறார்கள். ஆனால் சட்டியில் இருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது யார் தட்டுக்குப் போகிறது என்று எந்த வீடியோவிலும் சொல்வதில்லை. வீட்டில் சமைத்தால் வீட்டிலுள்ள எல்லோரும் சாப்பிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறோம்.

நிலா என்ன செய்வாள் தெரியுமா? சமையல் முடிந்ததும் முதல் ஆளாக வந்து, தன் பங்குக் கடலையைத் தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்வாள். "என்னடி இது, ஒரு பொண்ணு இப்படியா அள்ளிட்டுப் போவா?" என்று நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! இப்போது அந்தத் திட்டு என் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எல்லோரும் எழுந்த பிறகு பாத்திரத்தைச் சாய்த்து மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொள்பவள் நானும்தான்.

அதன் பிறகு பரமண்ணா மாறினார். மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கும் நம் ஊர்ச் சாமான் கடைக்குக் கூட்டிப் போகச் சொல்லி சோயா மீட், கடலை, பயறு என்று பை நிறைய வாங்கினார். டோஃபுவை எப்படிப் பொரிப்பது என்று நிலாவிடம் வந்து கேட்டார். அவளும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ஆனால் அக்காவுக்கு அதற்குள் பசி செத்துவிட்டது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பரமண்ணா தட்டுக்குத் தள்ளுவார். இவர் திருப்பித் தள்ளுவார். அக்கா மறுபடி இவர் பக்கம் தள்ளுவார்.

ஒரு நாள் காலையில் அக்கா குளியலறையில் சரிந்து விழுந்தார். இந்த முறை எலும்பு தப்பியது. ஆனால் பரமண்ணாவால் அவரைத் தூக்க முடியவில்லை. நானும் என் கணவரும் போய்ச் சேரும் வரையில் ஈரத் தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, தன் லுங்கி ஒன்றால் அவரைப் போர்த்திவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

இனி வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வெஸ்ட்கேட் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சில வாரங்கள் இருக்கட்டும். நல்ல சாப்பாடு, தினமும் காலுக்குப் பயிற்சி. முடிவில் ஒரு பரிசோதனை வைப்பார்கள். தானாக நாற்காலியிலிருந்து எழுந்து நின்றால் வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் அங்கேயேதான்... கடைசி வரைக்கும்.

"அவ வந்திடுவா" என்றார் பரமண்ணா, என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து. நான்கூட நம்பினேன்.

பரமண்ணா தினமும் இரண்டு பஸ் மாறி அங்கே போகிறார். இந்த மழையில், இந்தக் காற்றில். போன சனிக்கிழமை நானும் போனேன். கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டேன், அவர் வந்திருக்கவில்லை. பொறுப்பு நர்ஸ் என்னைக் கண்டதும், "ராணி ரொம்ப நன்றாகச் சாப்பிடுகிறார், தட்டு எப்போதும் காலியாகத்தான் திரும்புகிறது" என்று புகழ்ந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனால் எடை இறங்கிக்கொண்டே போகிறது. ஏனென்று புரியவில்லை. வரும் வியாழக்கிழமை பரிசோதனை" என்றார்.

மத்தியானச் சாப்பாடு வந்தது. அக்காவுக்கென்றே செய்தது — பருப்பு வடை மாதிரி ஒன்று, அவித்த பீன்ஸ் கொட்டை, மசித்த உருளைக்கிழங்கு, பூசணிக்காய். அக்கா கிழங்கைச் சாப்பிட்டார். பூசணிக்காயைச் சாப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மடியிலிருந்த சால்வைக்குள்ளிருந்து ஒரு பழைய மார்ஜரின் டப்பாவை எடுத்து, வடையையும் கொட்டையையும் அதில் வழித்துப் போட்டு மூடினார். எவ்வளவு லாகவமான கை! ஒரு கொட்டை சிந்தவில்லை.

"என்னக்கா இது?"

"அவர் காலமையில இருந்து ஒண்டும் தின்னாம வருவார். அவருக்கு ஆர் இருக்கினம் வீட்டில?"

சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு பரமண்ணா வந்து சேர்ந்தார். அக்கா டப்பாவை நீட்டினார். அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். ஒவ்வொரு வாயையும் அக்கா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரம்! பரமண்ணாவை நடைவழிக்குத் தள்ளாத குறையாகக் கூட்டிப் போனேன்.

"எவ்வளவு நாளாண்ணா இது நடக்குது?"

"வந்த அண்டையில இருந்து."

"அவங்க கால் தேறணும்னுதானே இங்க கொண்டுவந்து விட்டிருக்கோம்? நீங்க உக்காந்து சாப்பிடுறீங்களே!"

"வேண்டாமெண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தனான் தங்கச்சி. அழுறா. நான் சாப்பிடாட்டித் தானும் சாப்பிட மாட்டனாம். பிறகு அந்தக் கிழங்கும் உள்ள போகாது."

"வீட்லயே சாப்பிட்டு வந்துட்டேன்னு சொல்லுங்களேன்."

"சொன்னனான். கன்னத்தைத் தடவிப் பாத்திட்டு, பொய் எண்டுறா."

அப்போதுதான் நான் அவரைச் சரியாகப் பார்த்தேன். கன்னம் உள்ளே போயிருந்தது. சட்டைக் காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி நின்றது. "நிஜமா வீட்ல என்ன சாப்பிடுறீங்கண்ணா?"

"பாணும் தேத்தண்ணியும்." வெறும் ரொட்டியும் டீயும்! "ஒரு ஆளுக்கு என்னெண்டு சட்டி வைக்கிறது?" என்றார்.

என் ஆத்திரமெல்லாம் அந்த இடத்தில் அழுகையாகிவிட்டது. நர்ஸிடம் சொல்லிவிடலாம் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார் — "சொல்லிப் போடாதேங்கோ, அவவை ஏசுவினம்." சரி, நாளைக்கு ஒரு நாள் நான் ஒன்று செய்து பார்க்கிறேன், சரிவராவிட்டால் சொல்லிவிடுவேன் என்றேன்.

அங்கிருந்து கிளம்பித்தான் நிலாவை அழைத்துக்கொண்டு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் மேல் பாய்ந்தேன்.

என் யோசனை இதுதான். பரமண்ணா வயிறு நிறையச் சாப்பிடுவதை அக்கா கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் மனம் நிம்மதியாகித் தன் தட்டைத் தானே சாப்பிடுவார். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சமைத்தேன். சோறு, அக்கா செய்வது போலவே பருப்புக் கறி, கடலைச் சுண்டல், ஒரு கத்தரிக்காய் வதக்கல். டிபன் கேரியரில் அடுக்கிக்கொண்டு பரமண்ணாவையும் ஏற்றிக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போய்விட்டோம். அக்காவின் மேசையிலேயே அவருக்கு எதிரில் பரமண்ணாவை உட்கார வைத்தேன். அக்காவுக்கு அன்று பொரித்த டோஃபுவும் பட்டாணியும் வந்திருந்தன. பரமண்ணாவுக்கு நான் பரிமாறினேன், அடியில் கட்டியாகக் கிடந்த பருப்பாகப் பார்த்து.

"பாத்தீங்களாக்கா, அண்ணாவுக்கு நிறைய இருக்கு. நீங்க உங்களோடத சாப்பிடுங்க."

"ஓம், ஓம். அவர் சாப்பிடட்டும்" என்றார் அக்கா. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி, விழுந்த நாளிலிருந்து நான் பார்க்காதது. "வடிவாப் போட்டுச் சாப்பிடுங்கோ. இன்னும் கொஞ்சம் பருப்பு விடுங்கோ தங்கச்சி அவருக்கு."

பரமண்ணா சாப்பிட்டார். எத்தனை நாள் பசியோ, தலை நிமிராமல் சாப்பிட்டார். அக்கா கரண்டியைத் தொடவில்லை.

"ஆறிப்போகுதுக்கா."

"அவர் முடிக்கட்டும். பிறகு சாப்பிடுறன்."

சரி, அவர் முடிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பரமண்ணாவுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் கொண்டுவர எழுந்து போனேன். திரும்பி வரும்போது பரிமாறும் பெண் தள்ளுவண்டியோடு நகர்ந்துகொண்டிருந்தார். மேசையில் அக்காவின் தட்டு இல்லை.

"எங்கக்கா தட்டு?"

"அந்தப் பிள்ளை வந்து முடிஞ்சுதோ எண்டு கேட்டுது. பாவம், காத்துக்கொண்டு நிண்டது. ஓம் எண்டு குடுத்திட்டன்."

ஓடிப்போய்த் தள்ளுவண்டியின் மிச்சத் தொட்டியில் பார்த்தேன். யாரோ மிச்சம் வைத்த கஸ்டர்டுக்கு அடியில் டோஃபு கிடந்தது. சமையலறை மூடியாகிவிட்டது என்றார்கள். கெஞ்சிக் கேட்டதற்கு ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கிடைத்தன. என் கேரியரைத் திறந்து பார்த்தேன், பரமண்ணா வழித்துச் சாப்பிட்டிருந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கை கழுவப் போயிருந்தார்.

அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இண்டைக்குத்தான் தங்கச்சி, எனக்கு வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை அவர் கைகளைக் கட்டிக்கொண்டு அந்த நாற்காலியிலிருந்து எழுந்து காட்ட வேண்டும்.